அசனக் கத்திகளை ஆயுதம் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்

த. ரூபவதி, வயது 47,
காலஞ்சென்ற தங்கையா அவர்களின் மனைவி,
பொறுப்பாளர், வாலிபர் ஐக்கியம்,
நல்ல மேய்ப்பர் ஆலயம்,
பழைய கிட்டங்கித் தெரு அருகில்,
இராஜபாளையம்.

பெறுநர்

உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காமராஜர் மாவட்டம்,
விருதுநகர்.

பொருள்: ஆலய அசன விருந்துக்காகச் சாணை பிடிக்கக் கொண்டுபோன சமையல் கத்திகளைப் பயங்கர ஆயுதங்கள் என்று எழுதி மூன்று வாலிபர்களைக் கிளைச்சிறையில் அடைத்தது – கத்திகளைக் கொடுத்தனுப்பிய என்னை விட்டுவிட்டது – நியாயம் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் பகுதியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதால் தெருவில் எனக்கு டீச்சரக்கா என்று பெயர். படித்தது எட்டாம் வகுப்பு. ஆகவே இந்த மனுவில் சட்டப் பிரிவுகள் முன்பின்னாக இருக்கலாம். நடந்ததை முன்பின்னாக எழுதவில்லை.

2. எங்கள் ஆலயத்துக்கும் பழைய கிட்டங்கித் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு மதில். அந்தத் தெருவைப் பற்றி நான் தங்கள் துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எங்கே ஒரு சைக்கிள் காணாமல் போனாலும் முதல் ஜீப் அங்கேதான் வந்து நிற்கும். மில்லில் வேலை கேட்டுப் போகிற பையன் முகவரியைச் சொன்ன உடனே ஆள் எடுத்தாயிற்று என்று பதில் வரும். பெண் கேட்டுப் போனாலும் அதே கதைதான். அங்கே குடியும் சண்டையும் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் அந்த மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தது தெருக்காரர்கள் இல்லை, எங்கள் சபை. இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

3. மூன்று வருடங்களுக்கு முன்பு கிறிஸ்துமஸ் சமயத்தில், எங்கள் பஜனைக் கூட்டம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தது. வழக்கம்போல் கிட்டங்கித் தெரு முனையில் விளக்கைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகப் பார்த்தோம். அங்கே சங்கிலிப்பாண்டி என்பவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பஞ்சு பேல் ஏற்றி இறக்கும் தொழிலாளி. "ஏன் டீச்சரக்கா, எங்க தெருவுக்குள்ள மட்டும் ஏசு பொறக்க மாட்டாராக்கும்?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. வாலிபர் ஐக்கியம் தொடங்கியது அந்தக் கேள்வியால்தான். வேறு யாரும் தூண்டிவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து யாரும் கடிதம் போடவுமில்லை.

(காவல் நிலையத்தில் இவரை அவன், இவன் என்கிறார்கள். இந்த மனுவில் அவர் என்றுதான் எழுதுவேன். வயது இருபத்தாறு ஆகிறது.)

4. முதலில் சனிக்கிழமை சாயந்திரம் ஜெபக்கூட்டம் என்று சொல்லி அழைத்தேன். சுண்டலுக்காக இரண்டு பேர் வந்தார்கள். லாக்கப்பில் உட்கார்ந்தவர்கள்போல் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஆமென் சொல்லும் முன்பே எழுந்து போய்விட்டார்கள். இப்படிப் பல வாரம் போயிற்று. எனக்கே வெறுத்துவிட்டது.

5. எங்கள் ஆலயத்தில் வருடத்துக்கு ஒருமுறை பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் நடக்கும். அசனம் என்றால் ஆலய வளாகத்திலேயே ஆடு அறுத்துச் சமைத்து, இன்னார் இனியார் என்று பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அந்த வருடம் சமையல்காரர் சேத்தூரில் கல்யாண வேலை என்று முந்தின நாள் கைவிரித்துவிட்டார். ஆடுகளைக் கட்டிப் போட்டாயிற்று, அரிசி வந்தாயிற்று, ஆள் இல்லை. நான் நேராகக் கிட்டங்கித் தெருவுக்குள் போய், சமைக்கத் தெரிந்தவர்கள் யாரிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பீர் மைதீன் எழுந்தார். அவருடைய மாமா கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர், இவர் அவருக்குக் கையாள். அவர் பின்னால் சமுத்திரம் என்ற வாலிபர் வந்தார். பேல் தூக்கும் சங்கிலிப்பாண்டிக்கு அண்டா ஒரு பாரமே இல்லை.

சபையில் மூத்தவர் ஒருவர், "இவனுக கையால ஆக்குனதையா அசனம்னு திங்கச் சொல்லுத?" என்று என்னைக் கேட்டார். பசிக்கிறவர்கள் உட்காரலாம் என்று சொன்னேன். கறி வாசனை அதற்குள் வளாகம் முழுதும் போயிருந்தது. அவரும் உட்கார்ந்தார், இரண்டாம் முறை குழம்பும் கேட்டு வாங்கினார்.

6. எனக்கு வழி தெரிந்தது அன்றுதான். இந்த வாலிபர்களை எதிரே உட்காரவைத்துப் பேசினால் வாய் திறக்காது. கையில் வெங்காயத்தைக் கொடுத்தால் திறக்கும். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் ஆலயத்தின் பின்புறம் கூடி, காய் நறுக்கிக்கொண்டே பேசுவதுதான் எங்கள் ஐக்கியத்தின் கூட்டம். அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள், கிடைக்காத வேலையைப் பற்றிப் பேசுவார்கள். வெங்காயம் உரிக்கும்போது ஒருவர் அழுதால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சலுகை இவர்களுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. கஞ்சி கொதிக்கிற நேரத்தில் நான் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பேன். மறுநாள் காலையில் அந்தக் கஞ்சியை ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு தங்கியிருக்கும் வீட்டாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

மதம் மாற்றுகிறேன் என்று ஒரு பேச்சு இருப்பதாக அறிகிறேன். பீர் மைதீன் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டுத்தான் சனிக்கிழமை என்னிடம் வருகிறார். சங்கிலிப்பாண்டி பங்குனியில் தீச்சட்டி எடுத்த கையோடு கஞ்சி கிண்டும் துடுப்புப் பிடித்தார், கொப்புளத்துக்கு நான்தான் கட்டுப் போட்டேன். இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

7. இனி, நடந்த சம்பவம். இந்த வருட அசனம் 5.9.93 ஞாயிற்றுக்கிழமை என்று குறித்திருந்தோம். அதற்கு முந்தின வியாழக்கிழமை பிற்பகலில், அசனக் கத்திகளைச் சாணை பிடித்துவரும்படி சங்கிலிப்பாண்டி, பீர் மைதீன், சமுத்திரம் மூவரையும் ஆவுடையப்பன் என்பவரின் பட்டறைக்கு அனுப்பினேன். பட்டறைக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். இறைச்சி வெட்டும் கத்திகள், அரிவாள்மனைகள், சோறு கிண்டும் இரும்புத் துடுப்புகள் இரண்டு ஆகியவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சாக்குப் போட்டு மூடச் சொன்னதும் நான்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், வழியில் பிள்ளைகள் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக மூடச் சொன்னேன்.

பக்கத்துத் தெருவில் கொடிக்கம்பம் நடுவதில் தகராறாகி, அந்த வாரம் போலீஸ் பந்தோபஸ்து போட்டிருந்தது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஏனென்றால் என் கண்ணுக்கு அவை ஆட்டுக்கறி வெட்டுகிற கத்திகள். வண்டி முக்குத் திரும்பியதும் ஏட்டு நிறுத்தினார், சாக்கைத் தூக்கினார். அன்று சாயந்திரமே மூவர் பேரிலும் வழக்கு.

8. தடையுத்தரவு போட்டிருந்த பகுதியில் கலவரம் செய்யும் நோக்கத்துடன் பயங்கர ஆயுதங்களை மறைத்துக் கொண்டு சென்றதாக எழுதியிருக்கிறார்கள். மறைத்ததாம். சாக்கில்லாமல் போயிருந்தால் வீசிக் காட்டி மிரட்டியதாக எழுதியிருப்பார்கள். கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்றால் அந்த வண்டியை எப்படித்தான் தள்ளுவது? சோறு கிண்டும் துடுப்புக்கு 'இரும்புத் தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் நுனியில் போன வருடத்துச் சோற்றுப் பற்றுகூட இருக்கும், சுரண்டிப் பார்க்கலாம்.

இதே கத்திகளை இதே வழியாக எங்கள் கோயில்குட்டியார் வருடா வருடம் பட்டறைக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறார். கோயில்குட்டியார் என்றால் ஆலயத்தில் மணியடித்துப் பராமரிக்கிறவர். ஒருமுறை அதே காவல் நிலைய வாசலில் சைக்கிளை நிறுத்தி வெற்றிலைகூடப் போட்டிருக்கிறார். அவர் கையில் இருந்தவரை சமையல் கத்தி, இவர்கள் கைக்கு வந்ததும் பயங்கர ஆயுதம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்.

9. இன்னொன்றும் தங்கள் கவனத்துக்கு. எங்கள் ஆலயப் பாத்திரம் பண்டங்கள் எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். கத்திகளிலும் 'ந.மே. ஆலயம், உபயம் இன்னார்' என்று இருக்கிறது. எந்த ரவுடி தன் அரிவாளில் உபயம் என்று பெயர் வெட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான் என்பதைக் கைப்பற்றிய அதிகாரிகள் யோசித்திருக்கலாம். வாசிக்கத் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாசிக்க மனமில்லை என்று சொல்வேன்.

10. நான் அன்றே நிலையத்துக்குப் போனேன். ஆய்வாளர் என்னை உட்காரச் சொன்னார், அந்த மரியாதையை மறைக்கவில்லை. "நீங்க கோயில்ல பாட்டுப் பாடுங்கம்மா, ரவுடிகள எங்ககிட்ட விட்டுருங்க" என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். இந்த மூவருக்கும் எங்கள் ஆலயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இவர்கள் கத்திகளை எங்களுக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால், ஆலயத்தின் பெயர் வழக்கில் வராது, கத்திகளையும் கோர்ட்டு மூலம் சீக்கிரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் எங்கள் சபைக் கமிட்டியார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆலயத்தின் நல்ல பெயருக்காகச் செய்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் கடிதம் பொய் என்று இந்த மனுவின் மூலம் அறிவிக்கிறேன். மூவரும் எங்கள் ஐக்கியத்தினர். கத்திகளை எடுத்துக் கொடுத்தது நான். ஸ்டோர் ரூம் சாவி இன்றுவரை என் இடுப்பில்தான் இருக்கிறது. நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தெரியாது என்று சொன்ன சீடர் கதை எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அவர் பிறகு மனம் கசந்து அழுதார் என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அழ நேரமில்லை, காலை ஷிப்டு இருக்கிறது.

11. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைச்சிறைக்குப் போய் மூவரையும் பார்த்தேன். சமுத்திரம் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, "அசன ஆட்டுக்கு எல தழை யாரு போடுதா டீச்சரக்கா?" என்று கேட்டார். பீர் மைதீன் தன் அம்மா ஹாஜராவிடம் மதுரைக்கு வேலையாகப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். அந்த அம்மாள் அதற்குள் பஸ் பிடித்து வந்து என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

சங்கிலிப்பாண்டி, நான் கிளம்பும்போது, "நீங்களும் எழுதிக் குடுத்துருங்க டீச்சரக்கா. எங்களுக்கு இது பழகிப்போச்சு. கோயிலுக்குக் கெட்ட பேரு எதுக்கு?" என்றார்.

ஐயா, நான் கணவனைப் பறிகொடுத்தவள். மூன்று வருடமாக இந்தப் பிள்ளைகளுக்காக என் சொந்த சபையிலேயே பேச்சுக் கேட்டவள். அப்போதெல்லாம் வராத ஆத்திரம் அந்த ஒரு வார்த்தையில் வந்தது. பழகிப்போச்சு என்றார். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் நிற்பது ஒரு மனிதனுக்குப் பழக்கமாகிவிட்டது என்றால், அதைப் பழக்கியவர்கள் யார்? வாரா வாரம் வெங்காயத்தைக் கொடுத்து நான் இத்தனை காலம் அவர் மனதிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தது அந்த ஒரு எண்ணத்தைத்தான். ஒரே சாயந்திரத்தில் அதைத் திரும்ப மாட்டிவிட்டார்கள்.

12. இந்த வழக்கைக் காரணமாக வைத்து மூவர் பெயரையும் ரவுடிப் பட்டியலில் ஏற்றப் போவதாக நிலையத்தில் பேசிக்கொள்கிறார்கள். சங்கிலிப்பாண்டி மேல் முன்பு ஒரு அடிதடி வழக்கு இருந்தது, அதில் விடுதலையாகிவிட்டார். மற்ற இருவர் மேல் இதுவரை ஒன்றுமில்லை. பீர் மைதீனுக்கு இப்போதுதான் ஒரு மில்லில் பயிற்சியாளாகச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். கிட்டங்கித் தெரு என்ற முகவரியைப் பார்த்த பிறகும் சேரச் சொன்ன முதல் மில் அது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அந்த வேலை போய்விடும். அதன்பின் தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் ஏறிய பெயர் இறங்கி எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்தத் தெருவின் மற்ற வாலிபர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆலயத்துக்குப் போய் வேலை செய்தாலும் கடைசியில் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டால், அடுத்த சனிக்கிழமை நான் தனியாகத்தான் வெங்காயம் உரிக்க வேண்டும்.

13. அசனம் நடக்கவில்லை. வெளியூர்ச் சமையல்காரரை வைத்து நடத்திவிடலாம் என்று கமிட்டியார் சொன்னார்கள். அந்த மூவரும் வராமல் மசாலா அரைக்க மாட்டோம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் தூண்டிவிட்டேனா என்று கேட்டால், ஆமாம். வாங்கிய ஆடுகள் ஆலய வளாகத்தில் கட்டியபடியே நிற்கின்றன. குருவானவர் வைத்த குரோட்டன்ஸ் செடிகளையெல்லாம் மேய்ந்துவிட்டன. தினமும் காலையில் அவர் அந்த மொட்டைக் குச்சிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

14. ஆகவே நான் கேட்பது இவை. தங்கள் நேரடிப் பார்வையில் இதை விசாரிக்க வேண்டும். பட்டறைக்காரர் ஆவுடையப்பனையும் என்னையும் வாக்குமூலம் கேட்க வேண்டும், இதுவரை யாரும் கேட்கவில்லை. மூவர் மீதான வழக்கைக் கைவிட வேண்டும். ரவுடிப் பட்டியலில் பெயர் ஏற்றக் கூடாது. கத்திகளும் துடுப்புகளும் ஆலயத்துக்கு வர வேண்டும்.

இவை முடியாது என்றால், அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் என்னை முதல் எதிரியாகச் சேர்க்க வேண்டும். கத்தி என் பொறுப்பில் இருந்தது, கொடுத்தது என் கை, மூடச் சொன்னது என் வாய். அனுப்பியவளை வீட்டில் விட்டுவிட்டு வண்டி தள்ளியவர்களை உள்ளே வைப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இது மிரட்டல் அல்ல. மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்து வைத்துவிட்டேன், கம்பெனியில் லீவும் சொல்லிவிட்டேன்.

15. கடைசியாக ஒன்று. அசனக் கத்திகளில் ஒன்று மட்டும் அன்று வண்டியில் போகவில்லை. பூசணி வெட்டுவதற்காக என் வீட்டில் இருந்தது. என் கணவர் நினைவாக நான் ஆலயத்துக்குக் கொடுத்தது அது. மற்றவற்றோடு ஒரே பட்டறையில், ஒரே நாளில் அடித்தது. அதை இந்த மனுவுடன் இராஜபாளையத்திலிருந்து விருதுநகருக்குப் பஸ்ஸில் என் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். சாக்குப் போட்டு மூடவில்லை. பஸ் எங்கள் சரகக் காவல் நிலைய வாசல் வழியாகத்தான் வரும். யாரும் என்னை இறக்கிவிட மாட்டார்கள் என்று இப்போதே எழுதித் தருகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர் மிஞ்சிப்போனால் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்.

இந்தக் கத்தியைத் தங்கள் மேசைமேல் வைக்கிறேன். என் கையில் இது சமையல் கத்தி என்றால் அந்தப் பிள்ளைகள் கையிலும் சமையல் கத்திதான். அவர்கள் கையில் ஆயுதம் என்றால் என் கையிலும் ஆயுதம்தான். இரண்டில் ஒன்றைத் தாங்கள் இன்றே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாமல் வாசலை விட்டு நகர மாட்டேன்.

மூவரும் வெளியே வருகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை அசனம். தங்களுக்கும் ஓர் இலை போடுவோம். சங்கிலிப்பாண்டிதான் பரிமாறுவார்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
த. ரூபவதி
(வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட வேண்டியவர்)

இடம்: இராஜபாளையம்
நாள்: 13.9.1993

இணைப்பு: இறைச்சி வெட்டும் கத்தி ஒன்று. 'ந.மே. ஆலயம், தங்கையா நினைவாக, உபயம் ரூபவதி' என்று பெயர் வெட்டியது. ஆயுதம் என்று தோன்றினால் என்னோடு சேர்த்துக் கைப்பற்றிக்கொள்ளவும். இல்லையென்றால் திருப்பித் தரவும், அசனத்துக்கு வேண்டும்.